கெடுவுக்குள் ஒரு நாவல்

உலு லங்காட் மலையில் பிறக்கும் லங்காட் ஆறு காஜாங், டெங்கில், பந்திங் என்று சிலாங்கூரின் தென்பகுதி வழியாக இறங்கிக் கடலில் சேர்கிறது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது அந்தக் கரையில் குடியிருந்த தமிழர்கள் பகலில் பட்டாளத்துக்கும் இரவில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அந்த வாழ்க்கையை 'லங்காட் நதிக்கரை' என்ற நாவலாக எழுதினார் அ. ரெங்கசாமி. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப்போகப்பட்ட தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி 'நினைவுச் சின்னம்', நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களைப் பற்றி 'இமையத் தியாகம்' என்று மேலும் இரண்டு நாவல்கள் எழுதினார். மூன்றும் 2005, 2006ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து நூல்களாக வந்தன. அவர் பிறந்தது 1930இல். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

எழுபத்தைந்து வயதை ஒட்டிய ஒரு தமிழாசிரியர் மூன்று வரலாற்று நாவல்களை இவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்தது எப்படி? அவருடைய உழைப்பு ஒரு பக்கம். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நூறாண்டுகளாக நாவல் எழுதப்பட்டுவந்த விதம் இன்னொரு பக்கம். இங்கே நாவல் பெரும்பாலும் ஒரு கெடுவுக்குள் எழுதப்பட்டது. ஞாயிறு பதிப்புக்கு முன்னால் கொடுக்க வேண்டும், போட்டியின் கடைசி நாளுக்குள் தபாலில் சேர்க்க வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்த இலக்கியம் இது. அவசரம் என்றதும் தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. அந்த அவசரத்தை மனமும் உடம்பும் எப்படித் தாங்கின என்பதுதான் பார்க்கத்தக்கது.

மலாயாவின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படுவது க. வெங்கடரத்தினம் எழுதிய 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. ஆண்டு 1917. அந்தக் காலத்தில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் பேட்டை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை 1886இல் இருப்புப்பாதை போட்டாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பட்டறையிலும் தண்டவாளத்திலும் வேலை பார்த்தார்கள். படிக்க நாவல் வேண்டுமென்றால் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும், சற்றுப் பின்னால் வை.மு. கோதைநாயகி அம்மாளும், எழுதிக் குவித்த காலம் அது. வாசிப்பவர்களுக்கு வேகமாக எழுதுகிறவர்களே பழக்கம்.

எழுத உட்கார்ந்தவர்களுக்கோ முழு நேரம் என்பது கனவு. மலேசியத் தமிழ் நாவலின் வரலாற்றில், எழுத்தை மட்டும் நம்பிச் சோறு தின்ற நாவலாசிரியர் என்று ஒருவரைக் காட்டுவது கஷ்டம். ஆசிரியர், கிராணி, பத்திரிகை உதவியாசிரியர், வானொலிக்காரர், தோட்டத் தொழிலாளி என்று எல்லோருக்கும் பகலில் ஒரு வேலை இருந்தது. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் அணிவகுப்புக்கு, நிற்க வேண்டும். பெரட்டு முடிந்தால் பால்வெட்டு, மதியம் பால் நிறுத்துப் போட்டு வந்த பிறகுதான் வீடு. அந்த நாளில் எழுத்துக்குக் கிடைப்பது இரண்டு துண்டு நேரம்: இருட்டிய பிறகு மண்ணெண்ணெய் விளக்கில் ஒரு மணி, அல்லது பெரட்டுக்கு முன்னால் அரை மணி. அந்தத் துண்டுகளைக் கோத்துத்தான் நாவல் எழுத வேண்டியிருந்தது.

அப்படிக் கோப்பதற்கு நூல் கொடுத்தது செய்தித்தாள்.

நரசிம்ம ஐயங்கார் 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்', 2019இன் தொடக்கத்தில் நிற்கும் வரை இந்த ஊரின் தமிழ் எழுத்துக்குத் தாய்வீடு மாதிரி இருந்தது. அதன் உதவியாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன்தான் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்துக்குத் தலைமை தாங்கி 1941ஆம் ஆண்டு ரப்பர் தோட்ட வேலைநிறுத்தத்தை நடத்தினார். அவரை வெள்ளைக்காரன் கைது செய்து நாடு கடத்தினான். பத்திரிகை அலுவலகம் என்பது செய்தி அடிக்கும் இடமாக மட்டும் இருந்ததில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

போருக்குப் பிறகு அதே பத்திரிகையில் 'கதை வகுப்பு' வந்தது. 1950, 51 ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை நடத்தினார்கள். நாட்டு நிலைமையை நினைத்தால் இது சாதாரணக் காரியமில்லை. 1950 என்பது பிரிக்ஸ் திட்டத்தின் ஆண்டு. காட்டோரம் இருந்தவர்களைப் பெயர்த்து முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தினார்கள். ஊரடங்கு, சோதனைச் சாவடி, அரிசிக்குக்கூட அளவு. மறுவருஷம் அக்டோபரில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியே பதுங்கித் தாக்கியதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சூழலில் ஒரு தமிழ்ப் பத்திரிகை, கதை என்றால் என்ன, பாத்திரம் எப்படிப் பேச வேண்டும், தொடக்கம் எங்கே இருக்க வேண்டும் என்று பாடம் அச்சிட்டது. வாசகர்கள் பயிற்சிகளை எழுதித் தபாலில் அனுப்பினார்கள். திருத்துகிறவர்கள் தேர்ச்சி பார்த்து நிலை வகுத்தார்கள். ரப்பர் தோட்டத்து லயத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவனுக்கு, தான் எழுதியதைக் கோலாலம்பூரில் ஒருவர் படிக்கிறார், தன்னைப் போல இன்னும் பலர் இதே வாரம் இதே பயிற்சியை எழுதுகிறார்கள் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய துணை! ஊக்கம் என்று இன்று புத்தகம் போட்டு விற்கிற சங்கதியை அந்தப் பக்கம் வாரம் தவறாமல் கொடுத்தது.

அடுத்து வந்தவர் கு. அழகிரிசாமி. இடைசெவல்காரர். 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேச'னுக்கு ஆசிரியராக வந்து 1957 வரை கோலாலம்பூரில் இருந்தார். அவர் நடத்திய இலக்கிய வட்டத்தில் எழுதுகிறவர்கள் கூடி, எழுதியதை வாசித்து, குறை நிறை பேசினார்கள். கதை வகுப்பு தபாலில் நடந்ததென்றால் இது முகத்துக்கு முகம். கையெழுத்துப் பிரதியாக இருக்கும்போதே ஒரு தேர்ந்த வாசகர் அதைக் கேட்டுவிடுவார். இந்த ஊர்த் தமிழ் எழுத்துக்குக் கிடைத்த பெரிய பேறு எது என்று கேட்டால், பிறகு வந்த எந்தப் பரிசுத் தொகையையும்விட அழகிரிசாமியின் அந்த வட்டத்தையே சொல்லத் தோன்றுகிறது.

ஞாயிறு பதிப்பில் தொடர்கதை எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஃபுல்ஸ்கேப் தாள், ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், ஓரத்தில் இடம் விட வேண்டும். அச்சுக் கோப்பவர் அந்தத் தாளை எதிரே மாட்டிவைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்குவார் என்பதால் கையெழுத்து தெளிவாக இருந்தாக வேண்டும். முந்தின வாரம் அனுப்பிய அத்தியாயத்துக்கு வீட்டில் படி இருக்காது. கார்பன் தாள் வைத்து எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். மற்றவர்கள் அச்சாகி வந்த பத்திரிகையைப் பார்த்துத்தான் கதாநாயகியின் அண்ணனுக்கு என்ன பெயர் வைத்தோம் என்று தெரிந்துகொள்வார்கள். அச்சேறியதை மாற்ற முடியாது. ஆகவே பின்னால் திரும்பிப் பார்த்து அடித்துத் திருத்தும் ஆசைக்கே வழியில்லை, முன்னால்தான் போக வேண்டும். வேகமாக எழுத நினைக்கிற எவரும் முதலில் பழக வேண்டியது அதுதான். தொடர்கதை அதைக் கட்டாயமாக்கியது.

தொடர்கதையின் பெரிய உதாரணம் கடல் கடந்து இருக்கிறது. கல்கி 1950 அக்டோபர் 29 தொடங்கி 1954 மே 16 வரை வாரா வாரம் 'பொன்னியின் செல்வன்' எழுதினார். கோலாலம்பூரில் கதை வகுப்பு நடந்துகொண்டிருந்த அதே காலம். மூன்றரை ஆண்டு, ஐந்து பாகம், கூடவே பத்திரிகை ஆசிரியர் பொறுப்பு. முடித்த ஏழாவது மாதத்தில், 1954 டிசம்பர் 5 அன்று, 55 வயதில் காலமானார். அவர் பாதியில் விட்ட 'அமரதாரா'வை மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. அழகிரிசாமி 1970இல் காலமானபோது அவருக்கு ஐம்பது நிறையவில்லை. சாகித்திய அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பிறகுதான் வந்தது. புதுமைப்பித்தன் 42 வயதில் காசநோயில் போனார். 115 நாவல்கள் எழுதிய கோதைநாயகி அம்மாளையும் காசநோய்தான் கொண்டுபோயிற்று. 'வானம்பாடி', 'தமிழ் ஓசை', 'மலேசிய நண்பன்' என்று பத்திரிகை பத்திரிகையாக நின்று இளைஞர்களை எழுதவைத்த ஆதி. குமணன் 2005 மார்ச்சில் 55 வயதில் மறைந்தார். இவர்கள் எழுதியதால்தான் இறந்தார்கள் என்று சொல்வது தவறு. வறுமையும் அக்காலத்து மருத்துவமும் அவரவர் உடல்வாகும் காரணங்களில் உண்டு. ஆனால் நம் எழுத்துலகம் ஒரு பழக்கத்தை வளர்த்துவிட்டது: ராத்திரி கண்விழித்து, வெறும் வயிற்றில் காப்பியும் வெற்றிலையும் சிகரெட்டுமாக எழுதுகிறவனே நிஜ எழுத்தாளன் என்று கொண்டாடுவது. அந்தக் கொண்டாட்டம் எத்தனை நாவல்களை நமக்கு இல்லாமல் செய்தது என்று எண்ணினால் வயிறு எரிகிறது.

வேறு நாடுகளில் வேகமாக எழுதியவர்கள் உடம்பை எப்படி நடத்தினார்கள்? இங்கிலாந்தின் ஆந்தனி டிரோலப் தபால் இலாகா அதிகாரி. விடியற்காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்று எழுதிவிட்டு வேலைக்குப் போவார். அப்படி 47 நாவல்கள். நாவலைப் பதினோரு நாளில் முடித்துவிடும் ழார்ஜ் சிமெனோன், எழுத உட்காருமுன் டாக்டரை வரவழைத்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வார். ஜப்பானின் ஹாருகி முராகாமி நாவல் எழுதும் காலத்தில் நாலு மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதி, மதியத்துக்கு மேல் பத்துக் கிலோமீட்டர் ஓடியோ நீந்தியோ, ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறவர். தஸ்தயேவ்ஸ்கி மட்டும் நம் ஆட்கள் பக்கம். பதிப்பாளரிடம் மாட்டிக்கொண்டு 1866 அக்டோபரில் 26 நாளில் 'சூதாடி'யை முடித்தார். அவரையும் காப்பாற்றியது சுருக்கெழுத்து தெரிந்த அன்னா என்ற இளம்பெண். அவர் சொல்லச் சொல்ல அன்னா எழுதினார், மறுவருஷம் அவர்களுக்குத் திருமணமே ஆயிற்று. கண்விழித்த மேதைக்கும் பக்கத்தில் ஒரு துணை தேவைப்பட்டது.

டிரோலப்பின் ஐந்தரை மணி நம்மவர்களுக்குப் புதிதில்லை. பெரட்டுக்குப் போன பாட்டன் பாட்டிமார் அதற்கு முன்பே எழுந்தவர்கள். அந்த விடியற்காலைப் பழக்கம் வீட்டில் மிச்சம் இருக்கும்போது, எழுத்துக்கு ஏன் நள்ளிரவைத் தேட வேண்டும்?

இன்றைய ஆபத்து காசநோயைவிடச் சர்க்கரை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். எழுதுகிறவருக்கு இது நேரடிச் செய்தி. மாமாக் கடையில் உட்கார்ந்து எழுதினால் மணிக்கு ஒரு தே தாரேக் உள்ளே போகும், ஒவ்வொன்றிலும் கெட்டிப்பால். கூடவே ஒரு ரொட்டி சானாய். ஒரு மாதத்தில் நாவல் முடியும், கூடவே ரத்தத்தில் சர்க்கரையும் ஏறியிருக்கும். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் என்று கேட்டு வாங்கக் கற்றுக்கொள்வது எழுத்துத் தொழிலின் ஒரு பாகம் என்றே சொல்லலாம். அத்தியாயம் முடிந்ததும் எழுந்து நடக்க இடமா இல்லை? பிரிக்பீல்ட்ஸில் இருப்பவருக்கு ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயில் வரை ஒரு நடை, கிள்ளானில் இருப்பவருக்குத் தெங்கு கிளானா சாலையில் பூக்கடை வாசம் பிடித்தபடி ஒரு நடை. அடுத்த அத்தியாயத்தின் முடிச்சு பாதி வழியிலேயே அவிழ்ந்துவிடும்.

மறுபடி வரலாற்றுக்கு வருவோம். 1970களில் 'தமிழ் நேசன்' பவுன் பரிசுத் திட்டம் கொண்டுவந்தது. நல்ல சிறுகதைக்குத் தங்கம். 1977இல் 'வானம்பாடி' வார இதழ் வந்து புதுக்கவிதைக்கும் இளைஞர்களுக்கும் கதவு திறந்தது. 1986இல் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டியைத் தொடங்கி, தேறியவற்றைப் 'பேரவைக் கதைகள்' என்று தொகுத்துப் போட்டது. கெடு என்பது வாராவாரம் வருவதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை வருவதாக மாறிய காலம் இது. சிறுகதைக்கு அது போதும், நாவலுக்குப் போதாது. எம். குமாரனின் 'செம்மண்ணும் நீல மலர்களும்', சா.ஆ. அன்பானந்தனின் 'மரவள்ளிக் கிழங்கு', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', ரெ. கார்த்திகேசுவின் 'வானத்து வேலிகள்' என்று நல்ல நாவல்கள் வந்தன. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி.

இதற்குள் கிள்ளான் பள்ளத்தாக்கின் தரையே மாறிவிட்டது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆயிற்று. சீபீல்ட் தோட்டத்தில் சுபாங் ஜெயா வீடுகள் எழும்பின. பிராங் பெசார் தோட்டத்தின் மேல் புத்ராஜெயா நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே முற்றம் இருந்த இடத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. பால்மரமும் லயமும் கோயிலும் பள்ளியும் போன பிறகு மிஞ்சியது அங்கே வாழ்ந்தவர்களின் நினைவு. அவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பியவர்களில் பலர் 2000 வாக்கில் எண்பதை நெருங்கிவிட்டார்கள். எழுத வேண்டியதை உடனே எழுத வேண்டும் என்ற அவசரம் கண்ணுக்கு முன்னால் நின்றது.

அந்த நேரத்தில்தான் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கமும் ஆஸ்ட்ரோ வானவில் தொலைக்காட்சியும் சேர்ந்து நாவல் போட்டி நடத்தின. 2000களில் மலேசியத் தமிழ் நாவல் திடீரென்று பெருகியதற்கு அந்தப் போட்டி ஒரு முக்கியக் காரணம். ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை', சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்', அப்போது இளைஞரான கே. பாலமுருகனின் 'நகர்ந்துகொண்டிருக்கும் வாசல்கள்' எல்லாம் அந்தப் போட்டியில் பரிசு பெற்றவை. எழுபதைத் தாண்டியவரும் முப்பதைத் தொடாதவரும் அந்தப் போட்டியின் கெடுவுக்காக உட்கார்ந்து எழுதினார்கள். பல ஆண்டு கழித்து, 2014இல் முதல் வல்லினம் விருது ரெங்கசாமிக்கும், 2017இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது முத்துசாமிக்கும் வழங்கப்பட்டன. கெடுவுக்குள் எழுதியது தரமாகாது என்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களே பதில்.

ரெங்கசாமி சில மாதத்தில் எழுதியிருக்கலாம், ஆனால் அந்தக் கதையை அவர் சுமந்தது அரை நூற்றாண்டு. ஜப்பான்காரன் வந்தபோது பதினொரு பன்னிரண்டு வயதுப் பையன், அவசரகாலம் வந்தபோது பதினெட்டு வயது இளைஞன். கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் உள்ளே அடுக்கடுக்காக இருந்தன. கை வேகமாகப் போவதற்கு அதுவே காரணம். உள்ளே ஒன்றும் இல்லாமல் கெடுவை மட்டும் நம்பி உட்கார்ந்தவர்கள் சினிமாக் கதையை எழுதிக் கொடுத்தார்கள். அப்படியும் நிறைய வந்தன, அவற்றை இன்று யாரும் தேடுவதில்லை.

போட்டியின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அது கெடுவைக் கொடுத்தது, பணத்தைக் கொடுத்தது, படித்துச் சொல்லும் ஆளைக் கொடுக்கவில்லை. நடுவர் கைக்குப் போகும்போது நாவல் முடிந்துபோயிருக்கும். முப்பதாவது பக்கத்தில் கதை வழி தவறுகிறது என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் எத்தனை நாவல்கள் தேறியிருக்கும்! அழகிரிசாமியின் வட்டம் செய்த வேலை அங்கே விடுபட்டுப்போயிற்று.

வேகத்துக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் உதவி வந்தது. கேரித் தீவில் பிறந்து கிள்ளானில் வாழ்ந்த கவிஞர் முரசு நெடுமாறன் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' தொகுத்தவர். அவருடைய மகன் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் கணினியில் தமிழைக் கொண்டுவந்து, பிறகு 'முரசு அஞ்சல்' செய்தார். 2005 பொங்கலன்று 'செல்லினம்' வந்து தமிழைக் கைப்பேசிக்குள் கொண்டுபோனது. ஃபுல்ஸ்கேப் தாளும் அச்சுக் கோப்பவரும் இருந்த இடத்தில், அடித்தால் உடனே தெரியும் தமிழ் வந்தது. 1995இல் தொடங்கிய கே.டி.எம். கொமியூட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு வேலைக்குப் போகிறவர், உட்கார இடம் கிடைத்தால் பெட்டாலிங் வருவதற்குள் இரண்டு பத்தி அடித்துவிடலாம். வேகமாக எழுதும் வசதியை உலகத் தமிழருக்கே கொடுத்ததில் கிள்ளானுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே இருப்பவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

மேற்கே இதே காலத்தில் வேறொரு கெடு பிரபலமாயிற்று. 1999இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர், ஒரு மாதத்தில் 50,000 சொல் நாவல் எழுதுவது என்று கிளம்பினார்கள். பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டது, ஆனால் பழக்கம் நிற்கவில்லை. அந்தக் கணக்குப்படி நாளுக்கு 1,667 சொல். தமிழில் எழுதுகிறவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 'எழுதிக்கொண்டிருந்தவனுக்கு' என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் அரை வரி. அவர்களின் ஐம்பதாயிரம் நம்மிடம் முப்பதாயிரம், முப்பத்தையாயிரத்தில் அடங்கிவிடும். நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம். கிட்டத்தட்ட ஞாயிறு பதிப்பின் ஓர் அத்தியாயம். நம் முன்னோர் வாரத்துக்கு ஒன்று எழுதியதை நாளுக்கு ஒன்று எழுத வேண்டும், அவ்வளவே. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக எழுதி ஈடுகட்ட நினைக்காமல், ஒரு நாளைத் தள்ளிப்போட்டு அன்றைய பங்கை மட்டும் எழுதுவதே உடம்புக்கு நல்லது.

நாள்தோறும் எழுதுவது நடக்கக்கூடியது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஜெயமோகனின் 'வெண்முரசு'. 2014 ஜனவரி 1 அன்று தொடங்கி, 2020 ஜூலையில் 26ஆவது நாவலோடு நிறைந்தது. கோலாலம்பூரில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ம. நவீனின் முதல் நாவல் 'பேய்ச்சி' 2019இல் வந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாடே வீட்டுக்குள் அடைந்தது. டிசம்பரில் 'பேய்ச்சி'க்கு உள்துறை அமைச்சு தடை விதித்தது. மனம் உடைய இதைவிடக் காரணம் வேண்டுமா? ஆனால் 2021இல் சௌகிட் வட்டாரத்தைக் களமாகக் கொண்ட அவருடைய இரண்டாவது நாவல் 'சிகண்டி' வந்துவிட்டது. வல்லினம் இதழைச் சுற்றி இருந்த வாசிப்பும் உரையாடலும் அவருக்கு நல்ல துணையாக இருந்திருக்கும். கதை வகுப்புக்கு அறுபது எழுபது ஆண்டுக்குப் பிறகும் அதே பாடம்தான் நடக்கிறது: சேர்ந்து படிக்க நாலு பேர் இருந்தால் தனியாக எழுத முடிகிறது.

தோட்டத்துப் பெரட்டுக் களத்தைப் பார்த்தவர்கள், கித்தாப் பால் உறைந்த வாசம் கையில் ஏறியவர்கள், துண்டாடப்பட்ட தோட்டத்திலிருந்து சட்டிபானையோடு நகரத்துக்கு வந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது. அவர்கள் கதையை எழுத ஆசைப்படும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். இடையில் விடுபட்டிருப்பது ஒரு வாராந்தரக் கெடுவும், எழுதியதைக் கேட்க ஒரு வட்டமும். அடுத்த நாவல் போட்டியை அறிவிக்கப்போகும் அமைப்புகளை ஒன்று கேட்டுக்கொள்ளலாம். பரிசுத் தொகையில் கொஞ்சம் குறைத்தாலும் பாதகமில்லை. அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையே, பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை, கிள்ளானில் ஓர் அறை, வாரம் ஒரு நாள் காலையில் திறந்துவையுங்கள். எழுதுகிறவர்கள் அந்த வார அத்தியாயத்தோடு வரட்டும். படித்துச் சொல்ல ஒரு மூத்த எழுத்தாளர் உட்காரட்டும். மேசையில் தே ஓ கோசோங் இருக்கட்டும்.